திருப்பி அனுப்ப முடியாத கோப்பி மெசின்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, ஹெல்ம்ஸ்விக் துறைமுகத்தின் நங்கூரத் தெருத் தொடர்மாடியில், மூன்றாம் மாடிக் குசினி ஒன்றில், நான்கு பேர் சேர்ந்து நேசமலரின் கோப்பி மெசினைத் தூக்கினார்கள், அது அசையவில்லை.

நால்வரில் ஒருவர் பார்சல் வான் ஓட்டும் ஹாருன். முந்தின மாதம்தான் மாதா கோவில் மண்டபத்துக்கு ஒரு பியானோவை ஏற்றி இறக்கியவர். இன்னொருவர் இரண்டாம் மாடித் தவராசா, அந்த நகரத்துப் பிள்ளையார் கோயிலின் தலைவர், தூக்குகிற வேலை எதிலும் ஒரு கையை மட்டும் வைப்பவர். மூன்றாமவர் அவருடைய மனைவி கமலாம்பிகை, இரண்டு கையும் வைப்பவர். நான்காமவர் தொடர்மாடியின் பராமரிப்பாளர், அந்த நாட்டுக்காரர், சத்தம் கேட்டு மேலே வந்தவர். மெசினின் அடித்தகட்டில் ஒன்பது கிலோ என்று பொறித்திருந்தது.

ஹாருன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதற்குள் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"தண்ணீர்" என்றார் நேசமலர். "அதுவும் ஒழுகிப் போய்விட்டது."

நேசமலர் ஹெல்ம்ஸ்விக்குக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. அதற்கு முன் சிசிலித் தீவின் பலெர்மோவில் பதினொரு வருடம் இருந்தார். மற்றவர்களின் மாடிப்படிகளைத் துடைத்தார். பிறகு படுக்கையில் கிடந்த ஒரு முதிய சீமாட்டியைப் பராமரித்தார். சீமாட்டி இறந்தபோது வேலை போனது, வேலையோடு இருந்த அறை போனது, அறையோடு இருந்த விசாவும் போனது. வடக்கே ஒரு துறைமுகத்தில் மீன் தொழிற்சாலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, ரயிலும் பஸ்ஸும் கப்பலும் மாறி, தோளில் ஒரு பையும் மடியில் கோப்பி மெசினுமாக வந்து இறங்கினார். பலெர்மோவில் அவர் கடையில் போய்ப் புதிதாக வாங்கிய ஒரே பொருள் அதுதான். உடுப்பு உட்பட மற்றதெல்லாம் யாரோ கொடுத்தது.

மெசினுக்கு வந்த கோளாறு பெரிய கோளாறல்ல. தூள் போடும் கிண்ணம் பூட்டுகிற கழுத்தில் ரப்பர் வளையம் தேய்ந்து ஆவி வெளியே போனது. ஆவி போனதால் அழுத்தம் போனது. அழுத்தம் போனதால் கோப்பி, மூக்கு ஒழுகுவதுபோல, சொட்டுச் சொட்டாக வந்தது. நகரத்துக் கடைக்காரர் அதன் மின்செருகியை, மூன்று முனையும் ஒரே வரிசையில் நிற்பதை, தெரியாத மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, இது எங்கள் நாட்டு மெசின் இல்லை என்றார். கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்தபோது ஒரு மரியாதையான குரல் அடித்தகட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மெசின் சிசிலியில் பதிவானது, முதலில் பதிவான நாட்டில்தான் திருத்த முடியும், நாங்களே ஆள் அனுப்பித் திருப்பி அனுப்பிவைப்போம் என்றது.

"இங்கேயே திருத்த ஏலாதா?"

"முடியும். ஆனால் செய்வதில்லை."

அதே வாரம் குடிவரவு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னதும் ஏறக்குறைய அதே வாக்கியம்தான். நேசமலர் முதலில் விரல் அடையாளம் வைத்தது சிசிலியில்; ஆகவே அவர் இங்கே கொடுத்த அகதி விண்ணப்பத்தையும் சிசிலியில்தான் பார்க்கவேண்டும்; அலுவலகமே திருப்பி அனுப்பிவைக்கும். வருகிற பெப்ரவரி முடிவதற்குள் அனுப்ப முடியாமல் போனால் பொறுப்பு இந்த நாட்டுக்கு வந்துவிடும் என்றும் அதே சட்டத்தில் இருந்தது. அதை மட்டும் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை, மெசினை ஏற்றிப்போகக் கம்பெனி அனுப்பிய ஹாருன் வெறும் வானோடு திரும்பிப் போன செய்தி, பகலுக்குள் தொடர்மாடியின் எல்லா வாசல்களுக்கும் போய், பின்னேரம் மீன் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி, இரவுச் சாப்பாட்டுக்கு முன் நகரத்திலிருந்த எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் முதல் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் ஆச்சரியப்படவில்லை, தூக்கிப் பார்த்தார்கள். கலியாண வீட்டில் கறி பதம் பார்ப்பதுபோல ஆளுக்கொரு முறை தூக்கிப் பார்த்து, ஆளுக்கொரு கருத்துச் சொல்லி, இப்படியாக ஒரு கிழமைக்குள் மெசினின் குணம் முழுவதும் தெரிந்துவிட்டது: குசினியிலிருந்து அறைக்குத் தூக்கினால் இலேசு, அறையிலிருந்து பல்கனிக்குத் தூக்கினால் இலேசு, படியிறங்கித் தெருவைக் கடந்து தபால் கந்தோர் வாசல்வரை சும்மா உலாவக் கொண்டுபோனாலும் இலேசு, ஆனால் சிசிலிக்கு என்று நினைத்துத் தூக்கினால் நிலத்தோடு நிலம்.

தவராசா அதை ஏமாற்றிப் பார்த்தார். கீழே ஹாருனின் வானை நிறுத்தச் சொல்லிவிட்டு, மேலே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "உதை ஒருக்கா எங்கட வீட்டை கொண்டுபோய்த் துடைச்சுக் கொண்டு வாறன்" என்று சொல்லித் தூக்கினார். தூக்கியவர் அப்படியே குனிந்தபடி நின்றார். நிமிர்த்திவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ" என்றார் கமலாம்பிகை. "மெசினுக்கும் உங்களைத் தெரிஞ்சு போச்சு."

அன்றோடு தவராசாவின் மனம் மாறியது. ஊரில் தேரோ வண்டியோ வழியில் நின்று, எத்தனை பேர் இழுத்தும் நகராமல் போனால் அதற்கு என்ன பொருள் என்று நங்கூரத் தெருவில் எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வண்டியில் இருப்பவருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. அங்கேயே நாலு தடி நட்டு ஓலை போட வேண்டியதுதான். பாதிக் கோயில்களின் கதை அதுதான். பழைய வள்ளக் கொட்டிலை வாடகைக்கு எடுத்து நடத்திய பிள்ளையார் கோயிலின் நிர்வாகசபை கூடி, மெசினுக்கு வடகிழக்கு மூலையில் ஒரு பீடம் வைக்கலாம் என்று தீர்மானித்தது.

நேசமலர் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணை, அது கோப்பி போடுறதுக்கு வாங்கினது."

"ஆர் இல்லையெண்டது. ஆனா அது இப்ப வேற மாதிரி வந்திட்டுது, பிள்ளை."

"வேற மாதிரி வரேல்லை. பழுதாப் போச்சு. ஏலுமெண்டால் திருத்தித் தாங்கோ."

தவராசா திருத்தித் தரவில்லை. நேசமலர் பகல் வேலைக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, அவசரத்துக்கென்று கமலாம்பிகையிடம் கொடுத்துவைத்திருந்த திறப்பை எடுத்துக்கொண்டு போய், மெசினுக்கு மஞ்சள் தண்ணீரும் இளநீர்ப் பெட்டி இரண்டும் இரண்டு லீற்றர் பாலும் அபிஷேகம் செய்தார். வெளியே ஊற்றினால் நிலம் பழுதாகும் என்ற நல்ல எண்ணத்தில் பாலை முழுவதும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே ஊற்றினார். தொட்டியின் மூடிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார். இரவு வீடு திரும்பிய நேசமலர் பொட்டைக் கவனிக்காமல் மின் ஆளியைப் போட்டார். மெசின் இருமியது, பிறகு அதுவும் இல்லை. பால் திரைந்து, குழாய்களுக்குள் கட்டியாகப் போய் அடைத்திருந்தது.

மறுநாள் காலை அவர் மெசினை ஒரு கையில் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்து தவராசாவின் சாப்பாட்டு மேசையில், இடியப்பத் தட்டுக்குப் பக்கத்தில், வைத்தார்.

"நேற்றுவரை இது ஒழுகினது. இப்ப ஒழுகவுமில்லை. கும்பிட்டுக் கெடுத்தனீங்கள். இனி இருந்து திருத்துங்கோ."

"கம்பெனிக்காரர்தானே, பிள்ளை..."

"கம்பெனிக்காரர் சிசிலியில. நாங்கள் இஞ்சை."

இப்படியாகத்தான் திருத்தும் வேலை தொடங்கியது, அது கார்த்திகை முழுவதும் நடந்தது. எவருக்கும் மெசினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லோர் வீட்டிலும் குசினி இருந்தது. முதலில் அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள், பால் கட்டி கரைந்து தவிட்டு நிறத்தில் வந்தது. பிறகு பித்தளைக் குடம் மினுக்குகிறதுபோலப் பழப்புளியைக் கரைத்து விட்டார்கள், சிசிலித் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாக வந்தது. பராமரிப்பாளர் தன் திருப்புளிகளைக் கொண்டுவந்து நின்றார். கழற்றிய ஆணிகளில் இரண்டு மிஞ்சின, அவை எங்கிருந்தவை என்று யாருக்கும் தெரியவில்லை. ரப்பர் வளையம் மட்டும் அந்த நாட்டில் எங்கும் கிடைக்கவில்லை. அதற்கு வழி சொன்னவர் கமலாம்பிகை. புட்டுப் பானையின் வாயில் நீத்துப்பெட்டியை வைக்கும்போது ஆவி வெளியே போகாமல் நனைத்த துணியைச் சுற்றி இறுக்குவார்களே, அதையே செய்தார். தவராசாவின் பழைய வேட்டியில் விரலகலம் கிழித்து, நனைத்து, மெசினின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கிண்ணத்தைப் பூட்டினார். வேட்டிக்காரர் இதை எதிர்க்கும் நிலையில் இல்லை.

கோப்பி வந்தது. மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து அரைத்த தூளில், கறுப்பாக, தடிப்பாக, ஒரே தாரையாக வந்தது. இருந்தவர்கள் வரிசையில் நின்று குடித்தார்கள். பராமரிப்பாளர் முதல் மிடறில் கண்ணை மூடினார். இரண்டாவது கோப்பை கேட்டார்.

கம்பெனி இன்னும் இரண்டு தடவை ஆள் அனுப்பியது. இரண்டாம் தடவை சில்லு வைத்த தூக்கி ஒன்று வந்தது. அதன் கை வளைந்தது. பிறகு கம்பெனியின் மரியாதையான குரல் தொலைபேசியில் வந்து, உங்கள் மெசின் எங்கள் கணக்கில் இனி இல்லை என்று சொல்லி வைத்துவிட்டது. நங்கூரத் தெரு அதை வெற்றி என்று கொண்டாடியது. தவராசா மோதகம் செய்வித்தார். இனி நேசமலருக்கும் ஒன்றும் நடக்காது, மெசின் எப்படியோ ஆளும் அப்படித்தான் என்று சனங்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அப்படி இல்லை என்பது தையில் தெரிந்தது. ஹாருனின் தம்பி இத்ரிஸும் சிசிலியில் இறங்கி விரல் வைத்தவர். அவருக்கும் அதே வாக்கியம் வந்திருந்தது. நங்கூரத் தெருவுக்கு வந்து மெசினைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவர். அவரைக் கொண்டுபோக வந்தபோது அவர் நிலத்தில் உட்கார்ந்து, நான் வரமாட்டேன் என்று சொல்லி, சூடேற்றிக் குழாயைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் ஆளுக்கொரு கையால் தூக்கினார்கள். அவர் வந்தார்.

மறுநாள் ஹாருன் வந்து நேசமலரின் குசினியில் இருந்தார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"அறுபத்திரண்டு கிலோ" என்றார். "ஒரு கிராம்கூடக் கூடவில்லை."

அவர் போனபின் தவராசா மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பெடியனுக்கு உள்ளுக்க உறுதி காணாது போல."

"அண்ணை" என்றார் நேசமலர். "அவன் கடலில கவிண்ட வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு ஒரு இரவு கிடந்தவன். நீங்கள் மெசினுக்குப் பால் ஊத்தினனீங்கள். உறுதியைப் பற்றி நீங்கள் கதையாதேங்கோ."

தவராசா கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு நங்கூரத் தெருவில் எல்லோருக்கும் ஒரே பயம்தான் இருந்தது, எவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் கமலாம்பிகை ஒருநாள் மாடிப்படியில், "தங்கச்சி, குறை நினையாதே, ஒருக்காப் பாப்பம்" என்று சொல்லி, நேசமலரின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். பூசணிக்காய் தூக்குவதுபோல இலேசாக வந்தார். கமலாம்பிகை அவரை இறக்கிவிட்டு, சேலையைச் சரிசெய்துவிட்டு, "நாங்கள் தூக்கினால் அப்பிடித்தான்" என்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேலே ஏறிப் போனார்கள்.

மாசி பிறந்ததும் தவராசா வந்தார். இந்தமுறை உட்காராமல் நின்றே பேசினார். கொட்டிலில் பிள்ளையாருக்குப் பின்னால் சாமான் அறை ஒன்று இருக்கிறது, அதில் சூடேற்றியும் இருக்கிறது, சாப்பாடு கமலம் கொண்டுவருவாள், பெப்ரவரி முடியும்வரை அங்கே இருந்தால் போதும், கேட்பவர்களிடம் நான் பொய் சொல்லிக்கொள்வேன்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், நேசமலருக்கும் அது தெரியும். ஆகவே ஒரு கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் பதில் சொன்னார்.

"ஊரில ஒலிபெருக்கி கட்டின வான் வரும், அண்ணை. தூக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ எண்டு சொல்லும். நான் சட்டியைத் தூக்கினன், பாயைத் தூக்கினன், அம்மாவைக்கூட ஒருக்காத் தூக்கிக்கொண்டு நடந்தனான். பிறகு பலெர்மோவிலயும் அறை அறையாத் தூக்கினன். தூக்கேலாத சாமான் எண்டு என்ரை சீவியத்தில இப்பதான் ஒண்டு இருக்கு. அதை விட்டிட்டு நான் பிள்ளையாருக்குப் பின்னால போய் ஒளிக்கிறதோ?"

"பலெர்மோ அவ்வளவு கூடாத இடமோ, பிள்ளை?"

"கூடாத இடமில்லை. நல்ல இடம். நான் நினைச்சால் நானே போவன். போ எண்டு சொல்லிப் போறதைத்தான் விட்டிட்டன்."

2018 பெப்ரவரி 21, புதன்கிழமை காலை, சீருடை போடாத இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், ஒரு பெண்ணும் ஓர் ஆணும். மாடிப்படி நெடுக ஆட்கள் கோப்பையும் கையுமாக நின்றார்கள். எவரும் வழி மறிக்கவில்லை, எவரும் சத்தம் போடவில்லை. அதிகாரிகள் மன்னிக்கவும், மன்னிக்கவும் என்று சொல்லிக்கொண்டே மூன்று மாடியும் ஏறவேண்டியிருந்தது. தவராசா மூன்றாம் மாடி வாசலில் நின்றார். ஹாருன் வானைத் தெருவில் விட்டுவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

நேசமலர் தொழிற்சாலை உடுப்போடு இருந்தார். அதிகாரிகளை உட்காரச் சொல்லி, கோப்பி போட்டு, சீனி வேண்டுமா என்று கேட்டார். பெண் அதிகாரி வேண்டும் என்றார். நேசமலர் எழுந்து போய்ச் சீனிப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து வைத்தார். நடந்தபோது பலகை நிலம் வழக்கம்போலக் கிறீச்சிட்டது, அவ்வளவுதான். வாசலில் நின்றவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். கமலாம்பிகை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

பெண் அதிகாரி குடித்து முடித்து, நன்றி சொல்லி, விமானம் ஒரு மணிக்கு என்றார்.

"நான் வரவில்லை" என்றார் நேசமலர்.

"நாங்கள் தூக்கவேண்டி வரும்."

"தூக்குங்கள்."

அவர்கள் இரண்டு பக்கமும் நின்று அக்குளில் கை கொடுத்தார்கள். ஆண் அதிகாரி பழகியவர், இத்ரிஸையும் தூக்கியவர். முழங்காலை மடித்து, மூச்சை இழுத்து, நிமிர்ந்தார். நிமிர்ந்தது அவர் மட்டும்தான். மறுபடியும் செய்தார். கதிரையின் நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக விலகி உடைந்தன. நேசமலர் இருந்த இருப்பிலேயே, மடியில் கைவைத்தபடி, நிலத்துக்கு மெல்ல வந்தார். கீழே வாகனத்தில் இருந்து இன்னும் நான்கு அதிகாரிகளைக் கூப்பிட்டார்கள். சில்லுக் கதிரை கொண்டுவந்து இருக்கச் சொன்னார்கள், தள்ளியபோது அதன் அச்சு முறிந்தது. நிறை பார்க்கும் தட்டு ஒன்றைக் கமலாம்பிகை வீட்டிலிருந்து வாங்கி வந்து அதில் ஏறச் சொன்னார்கள். நேசமலர் மறுக்காமல் ஏறினார், ஐம்பத்துநான்கு காட்டியது. பெண் அதிகாரி விமான நிலையம் என்று சொன்னார். தட்டு நொறுங்கியது.

"அது புதுத் தட்டு" என்றார் கமலாம்பிகை.

பிறகு ஆண் அதிகாரி, கையை உதறிக்கொண்டு, "இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"இரண்டு மணிக்கு எனக்கு வேலை" என்றார் நேசமலர்.

அவர் எழுந்து, உடைந்த கதிரையை ஓரமாகத் தள்ளிவைத்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து, சப்பாத்து மாட்டிக்கொண்டு, கோப்பையும் கையுமாக நின்றவர்களுக்கு நடுவால் படியிறங்கி, தெருவைக் கடந்து, தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார். அதிகாரிகள் பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸின் படிகூடச் சாயவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலுவல்கள். அலுவலகம் ஒரு பொறியியலாளரை அனுப்பி, இவ்வளவு பாரத்தை மூன்றாம் மாடி எப்படித் தாங்குகிறது என்று கேட்டது. அவர் ஓர் உத்தரத்தில்கூட வெடிப்புக் காணாமல் திரும்பினார். தொடர்மாடிச் சங்கம் கூடியது. தாழ்வாரத்தில் ஏற்கெனவே நிற்கும் சைக்கிள்கள்தான் பெரிய பிரச்சினை என்று முடிவெடுத்துக் கலைந்தது. இன்னும் இரண்டு தடவை வந்து தூக்கிப் பார்த்தார்கள். கடைசித் தடவை வந்தபோது ஒப்புக்கு ஒரு விரலால் தொட்டுவிட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பெப்ரவரி முடிந்தது. நகரத்தில் அதே வாக்கியம் வந்திருந்தவர்களில் அந்த வருடம் மேலும் மூன்று பேர் பாரமானார்கள். எட்டுப் பேர் இலேசாகவே இருந்தார்கள், அவர்களைக் கொண்டுபோனார்கள். ஏன் இவர், ஏன் அவரில்லை என்று நங்கூரத் தெருவில் பிறகு எவரும் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கிய ஒருவரைத் தவராசாவே தடுத்தார்.

2020இல் நேசமலருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. 2022 செப்டெம்பர் 2, வெள்ளிக்கிழமை, அவர் தானே ஆசனம் பதிவு செய்து பலெர்மோவுக்குப் போனார். விமானத்தில் நிறை பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அங்கத்தைய தமிழர்களோடு முன்பு நேர்த்திக்கு ஏறிய, உச்சியில் கோவில் உள்ள மலையை ஏறி இறங்கினார். ஹாருன் கொடுத்துவிட்ட சப்பாத்துகளை இத்ரிஸிடம் கொடுத்தார். அளவு சரியாக இருந்தது. மெசின் வாங்கிய கடையில் ஒரு ரப்பர் வளையம் வாங்கினார். வியாழக்கிழமை ஹெல்ம்ஸ்விக்குக்குத் திரும்பினார். 2022 செப்டெம்பர் 9, வெள்ளிக்கிழமை காலை, மெசினின் கழுத்திலிருந்த வேட்டித் துணியைக் கழற்றிவிட்டு வளையத்தைப் பொருத்தினார்.